அருங்காட்சியகத் தளங்களில் உள்ள பழைய நேட்டால் படங்கள்: எதை எடுக்கலாம், எப்படி எடுக்கலாம்?

தமிழ் டீச்சர், சாட்ஸ்வொர்த்:

எல்லாருக்கும் வணக்கம். இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள டர்பனில் கரைசேர்ந்ததை நினைத்து, கோயில் மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஏ1 அளவில் 12 பலகைகள், கூடவே 64 பக்கத்தில் ஒரு சிறு புத்தகம். நுழைவு இலவசம். புத்தகத்தை மட்டும் அச்சுச் செலவுக்காக 80 ரேண்டுக்குக் கொடுக்கலாம் என்று குழு நினைக்கிறது.

எடுக்க நினைப்பவை இவை:

கரும்புத் தோட்டத்தில் நம் ஆட்கள் நிற்கும் 1890களின் படங்கள். லண்டன் அருங்காட்சியகம் ஒன்றின் தளத்தில் இருக்கின்றன. கீழே ‘கிரியேட்டிவ் காமன்ஸ் பைஎன்சிஎஸ்ஏ’ என்று போட்டிருக்கிறது.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் காலத்துப் பார்வதி செப்புத்திருமேனி.

கப்பல் பயணிகள் பதிவேட்டின் ஒரு பக்கம்.

1960களில் டர்பனில் எடுத்த காவடிப் படம். உள்ளூர்ச் சேகரிப்பு ஒன்றில் இருக்கிறது, நடுவில் வாட்டர்மார்க் உண்டு.

இவற்றில் எதை அப்படியே போடலாம், எதற்குக் கேட்கவேண்டும்? இன்னொன்று, ரைட் கிளிக் செய்து சேமித்தால் 800 பிக்சல்தான் வருகிறது. பலகைக்கு அது போதுமா?


ஏட்டறை:

டீச்சர், நான்கையும் ஒரே கேள்வியாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். மூலப்படத்துக்கு இன்னும் பதிப்புரிமை இருக்கிறதா? அதை ஸ்கேன் செய்தவர் அந்த ஸ்கேனுக்கு ஏதாவது உரிமை கோருகிறாரா? கோப்பைக் கையில் கொடுத்தபோது ஏதாவது நிபந்தனை போட்டாரா? முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் மூன்றாவது உங்களைக் கட்டுப்படுத்தலாம். பழைய அச்சுப்படம் யாரிடம் இருக்கிறதோ அவர் வாசலில் நின்று கட்டணம் கேட்கலாம். அதற்குப் பதிப்புரிமை தேவையில்லை, ஒப்பந்தமே போதும்.

முதல் கேள்விக்கு நம் தென்னாப்பிரிக்காவில் இன்றும் 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம்தான். திருத்த மசோதாவை 2024இல் குடியரசுத் தலைவர் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். இருக்கும் சட்டப்படி ஓவியம், எழுத்து ஆகியவற்றுக்கு ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. புகைப்படத்துக்குக் கணக்கு வேறு: வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு, எடுத்து 50 ஆண்டுக்குள் வெளியாகவே இல்லை என்றால், எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு. எடுத்தவர் எப்போது இறந்தார் என்பது இங்கே கணக்கில் வராது.

இந்த ‘வெளியான ஆண்டு’தான் ஆளைக் கவிழ்க்கும். 1985இல் எடுத்து வீட்டுப் பெட்டியில் கிடந்த படத்தை 2010இல் உரிமையாளர் சம்மதத்தோடு முதன்முறையாக வெளியிட்டிருந்தால், 2060 முடியும் வரை உரிமை உண்டு. ஆகவே ‘எப்போது எடுத்தது’ என்று மட்டும் குறித்து வைத்தால் போதாது.

இனி உங்கள் பட்டியல்.

1890களின் தோட்டப் படங்களுக்கு இங்கே உரிமை முடிந்துவிட்டது. ஆனால் லண்டன்காரர்கள் ஸ்கேனுக்கு உரிமம் போட்டிருக்கிறார்கள். அதில் ‘பை’ என்றால் எடுத்தவர் பெயரைக் குறிப்பிடவேண்டும், ‘என்சி’ என்றால் வணிக நோக்கம் கூடாது. இலவசக் கண்காட்சிக்குச் சிக்கல் இல்லை. 80 ரேண்டுக்கு விற்கும் புத்தகம்தான் சந்தேகத்துக்கு இடம் தருகிறது. உரிமத்தின் வாசகம் ‘முதன்மையாக வணிக ஆதாயத்தையோ பணப்பயனையோ நோக்கியது’ என்பதைத்தான் தடுக்கிறது. விற்பவர் கோயிலா கம்பெனியா என்று அது பார்ப்பதில்லை, பயன்பாட்டைத்தான் பார்க்கிறது. அச்சுச்செலவு மட்டும் என்று வாதிடலாம்தான். வாதிடும் நிலைக்கே போகாமல், பிரதி எண்ணிக்கை, விலை, பக்க அளவு மூன்றையும் எழுதி முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும், இப்போதே அனுப்புங்கள்.

பார்வதிக்குக் கவலையே வேண்டாம். மெட்ரோபாலிட்டன் 2017 பிப்ரவரி 7 முதல், பொதுவுடைமையான (அதாவது பதிப்புரிமை இல்லாத, யாரும் பயன்படுத்தக்கூடிய) தன் பொருள்களின் படங்களை ‘சிசி ஜீரோ’வில் விட்டிருக்கிறது. விற்கலாம், வெட்டலாம், கேட்கவே வேண்டியதில்லை. அந்தத் திருமேனியின் சேர்க்கை எண் (அருங்காட்சியகம் அந்தப் பொருளுக்குக் கொடுத்த எண்) 57.51.3, பத்தாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதி. நடராசர் வேண்டுமானால் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் 1930.331 என்ற எண்ணில் தேடுங்கள், அதுவும் சிசி ஜீரோ. ஆனால் எல்லாச் சிலைப் படங்களும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். தட்டையான ஓவியத்தை நேராக நின்று படமெடுப்பது வேறு, சிலையை ஒளி வைத்து, கோணம் பார்த்து எடுப்பது வேறு. சிலை ஆயிரம் ஆண்டுப் பழசாக இருக்கலாம். அதன் புகைப்படம் எடுத்தவருடைய புதுப்படைப்பு.

காவடிப் படத்தில் நிதானம் வேண்டும். யார் எடுத்தது, யார் காசு கொடுத்து எடுக்கச் சொன்னது, எப்போது எங்கே அச்சானது? நம் சட்டத்தில் காசு கொடுத்துப் புகைப்படம் எடுக்கச் சொன்னவரே உரிமையாளர், ஸ்டூடியோ அல்ல. எனவே கோயில் நிர்வாகமே உரிமையாளராக இருந்திருக்கவும் வாய்ப்புண்டு, பழைய கணக்கு நோட்டில் ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள். படத்தைச் சேகரிப்புக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்திருந்தாலும், கொடுத்தது காகிதம்தான். பதிப்புரிமை கைமாற வேண்டுமென்றால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். 1960களிலேயே பத்திரிகையிலோ மலரிலோ வெளிவந்திருந்தால் 50 ஆண்டு கடந்துவிட்டது. அப்போது மிச்சம் இருப்பது சேகரிப்பின் நிபந்தனை மட்டும். வாட்டர்மார்க்கை மென்பொருளால் அழிக்கவேண்டாம். சுத்தமான கோப்பைக் கேட்டு வாங்குங்கள், கட்டணம் இருந்தால் கொடுங்கள். கேட்கும்போது படத்தின் எண், பயன்படும் இடம், அளவு, பிரதி எண்ணிக்கை, தமிழிலா ஆங்கிலத்திலா என்பதையெல்லாம் ஒரே கடிதத்தில் எழுதினால் ஒரே சுற்றில் முடியும்.


நகல்நவிஸ்:

ஏட்டறை ஐயா சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மாறுபாடு. 1890 படத்தின் ஸ்கேனுக்கு ‘என்சி’ போட அந்த அருங்காட்சியகத்துக்கு உரிமையே இல்லை. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் டிஎச்ஜே எதிர் ஷெரிடன் வழக்கில், ஆசிரியரின் சொந்த அறிவுப் படைப்பு இருந்தால்தான் பதிப்புரிமை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தட்டையான பழைய படத்தை உள்ளது உள்ளபடி நகலெடுப்பதில் அப்படி என்ன படைப்பு இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டு ஆணையின் 14ஆம் பிரிவில் இதையே சட்டமாக்கிவிட்டது. நம் முன்னோர் முகத்தை நம்மிடமே பூட்டி வைப்பதை ஏற்று, அனுமதி கேட்டு நிற்பது அந்தக் கோரிக்கைக்கு நாமே வலுச் சேர்ப்பதாகும்.


ஏட்டறை:

உணர்வு புரிகிறது, முழுமனதோடு உடன்படுகிறேன். ஆனால் டீச்சர் அச்சிடுவதும் விற்பதும் டர்பனில். இங்கே செல்லுவது தென்னாப்பிரிக்கச் சட்டம். நம் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் ஹாப்ட் வழக்கில், திறன், தீர்ப்பு, உழைப்பு இவற்றின் அளவை வைத்தே அசல்தன்மையைப் பார்த்தது. ஐரோப்பாவின் ‘அறிவுப் படைப்பு’ அளவுகோலை இங்கே அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. எனவே ஸ்கேனுக்கு உரிமையே கிடையாது என்று டர்பனில் அடித்துச் சொல்ல முடியாது. வெறும் ஸ்கேனுக்கு உண்டு என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

இதில் சண்டை போடாமலே வெளியே வர ஒரு வழி உண்டு. 1890 முதல் 1910 வரை வந்த நேட்டால் படங்களில் பல அஞ்சலட்டையாக நூற்றுக்கணக்கில் அச்சானவை. அதே படம் வேறொரு சேகரிப்பில் கட்டுப்பாடில்லாமல் இருக்கலாம். நியூயார்க் பொது நூலகம் 2016 ஜனவரியில் 1,80,000க்கும் மேற்பட்ட பொதுவுடைமைக் கோப்புகளைப் பெரிய அளவிலேயே திறந்துவிட்டது. வெல்கம் சேகரிப்பிலும் ‘பொதுவுடைமை’ முத்திரையோடு நிறைய இருக்கின்றன. அதைவிடச் சிறந்தது, அந்த அஞ்சலட்டை குடும்ப ஆல்பத்தில் யாரிடமாவது இருந்தால் நீங்களே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்வது. அப்போது எந்த அருங்காட்சியகமும் நடுவில் வராது.


பிக்சல் தம்பி:

800 பிக்சல் எதற்கும் உதவாது டீச்சர். 300 டிபிஐயில் அச்சிட்டால் 68 மில்லிமீட்டர் அகலம்தான் வரும். அதையே ஏ1 பலகையின் 594 மில்லிமீட்டர் அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 34 புள்ளி, முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பலகையை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பார்கள், அதனால் 150 டிபிஐ போதும். ஏ1 முழுக்க ஒரே படம் என்றால் 3508க்கு 4967 பிக்சல் தேவை. புத்தகத்தில் 120 மில்லிமீட்டர் அகலப் படத்துக்கு 300 டிபிஐயில் 1417 பிக்சல். இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

பெரிய கோப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால்: முதலில் பக்கத்தில் ‘டவுன்லோட்’ பொத்தான் இருக்கிறதா பாருங்கள். ரைட் கிளிக்கில் வருவது திரைக்காகச் சுருக்கிய நகல், பொத்தானில்தான் அசல் வரும். பொத்தான் இல்லையென்றால் நீலமும் சிவப்புமாக ‘ஐஐஐஎஃப்’ (படங்களை இணையத்தில் பகிர்வதற்கான பொதுத் தரம்) என்ற சின்னம் இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் படத்தின் முகவரிக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. படத்தின் அடையாள எண்ணுக்குப் பிறகு சாய்கோடு போட்டு வரிசையாக ஐந்து விவரம்: எந்தப் பகுதி, எந்த அளவு, எத்தனை பாகை திருப்ப, நிறத் தன்மை, கடைசியில் புள்ளி வைத்துக் கோப்பு வகை. முழுப் படமும் முழு அளவில் வேண்டுமென்றால் ‘ஃபுல், மேக்ஸ், 0, டிஃபால்ட் ஜேபிஜி’ என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதவேண்டும். பழைய இரண்டாம் பதிப்பில் இருக்கும் தளங்கள் சிலவற்றில் ‘மேக்ஸ்’ வேலை செய்யாது, அளவுக்கும் ‘ஃபுல்’ என்றே போடணும். பிழை வந்தால் முதலில் இதை மாற்றிப் பாருங்கள்.

அதே அடையாள எண்ணுக்குப் பின் ‘இன்ஃபோ ஜேசன்’ என்ற கோப்பைத் திறந்தால் உண்மையான அகலமும் உயரமும் எண்ணாகத் தெரியும். அங்கே ‘மேக்ஸ் வித்’ என்று ஒரு வரி இருந்தால், அதற்கு மேல் அந்த நிறுவனம் கொடுக்காது, முட்டிப் பயனில்லை. சிகாகோ கலைக்கூடம் பொதுப் பயனுக்கு 843 பிக்சல் அகலத்தைப் பரிந்துரைக்கிறது. பலர் அந்த முகவரியை அப்படியே நகலெடுத்துவிட்டு ‘சிகாகோ படமெல்லாம் சின்னது’ என்று சொல்கிறார்கள். முகவரியில் அந்த 843ஐ மாற்றிப் பார்த்தால்தானே தெரியும்.

மெட்ரோபாலிட்டனில் நிறைய எடுப்பதாக இருந்தால் அவர்களுடைய ஏபிஐ (நிரல் வழியாகத் தரவைக் கேட்டு வாங்கும் வழி) இருக்கிறது, சாவி எதுவும் கேட்காது. நொடிக்கு 80 வேண்டுகோளுக்கு மேல் அனுப்பக்கூடாது, அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளின் விவரத்திலும் ‘இஸ் பப்ளிக் டொமைன்’ என்ற புலம் ‘ட்ரூ’ என்று இருக்கிறதா பார்த்துவிட்டு எடுங்கள். ‘ஃபால்ஸ்’ என்றால் படம் திரையில் தெரிந்தாலும் சிசி ஜீரோ இல்லை.

வாங்கிய கோப்பை அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிவிடும், உள்ளே இருக்கும் மூல விவரங்களையும் எடுத்துவிடும். ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்தால் அப்படியே போகும். மேலே சொன்ன ஏ1 அளவு வண்ண டிஃப் கோப்பு ஒன்று சுமார் 52 எம்பி இருக்கும், 12 பலகைக்கும் ஒரு பென்டிரைவே நல்லது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சின்னப் படத்தைச் செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்காதீர்கள். அது இல்லாத கண்ணையும் மூக்கையும் தானாக வரைந்து சேர்க்கும். தோட்டத்தில் நின்ற ஒரு பாட்டியின் முகத்துக்குப் பதிலாக எங்கும் இல்லாத ஒருத்தியின் முகம் பலகையில் நிற்கும், கீழே நம் வரலாறு என்று எழுதியிருக்கும். சிறிய படத்தைச் சிறியதாகவே போடுங்கள்.


தமிழ் டீச்சர், சாட்ஸ்வொர்த்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தோட்டப் படங்களுக்கு வண்ணம் ஏற்றலாமா? தேடும்போது நம் ஊர்ப் பெயர், ஆள் பெயர் போட்டால் ஒன்றுமே வருவதில்லையே, ஏன்?


ஏட்டறை:

வண்ணம் ஏற்றினால் அது தழுவல். ‘எஸ்ஏ’ இருக்கும் படம் என்றால் உங்கள் வண்ணப் பதிப்பையும் அதே உரிமத்தில்தான் வெளியிடவேண்டும். ‘என்டி’ என்றிருந்தால் மாற்றியதை வெளியிடவே கூடாது. எதையும் மாற்றாமல் புத்தகத்தில் மற்றப் படங்களோடு சேர்த்து வைத்தால், புத்தகம் முழுவதும் அந்த உரிமத்துக்குள் வந்துவிடாது. பலருக்கு இந்தப் பயம் உண்டு, தேவையில்லை. சட்டம் இருக்கட்டும், புடவை என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாதபோது எதற்கு நிறம்?


பட்டியலாளர் அக்கா:

தேடல் பற்றி நான் சொல்கிறேன். பட்டியல் எழுதியவர்கள் அந்தக் காலத்து அதிகாரியின் சொல்லையே தலைப்பாக வைத்திருக்கிறார்கள். ‘தமிழர்’ என்று தேடினால் வராது. ‘மெட்ராஸ்’, ‘ஹிந்து’ (கடைசியில் இரட்டை ஓ போட்ட பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில்), ‘ஏஷியாட்டிக்’, ‘போர்ட் நேட்டால்’ என்று தேடுங்கள். நம்மை இழிவாக அழைத்த ‘கூலி’ என்ற சொல்லையும் தேடத்தான் வேண்டும். அதன் கீழேதான் பெரும்பாலான படங்கள் கிடக்கின்றன. ஊர்ப் பெயரும் பழைய வடிவத்தில்: குவாடுகூஸா அங்கே ‘ஸ்டாங்கர்’, ஒதொங்காதி அங்கே ‘டோங்காட்’.

ஆள் பெயர் காதில் விழுந்தபடி எழுதியது. முனுசாமியின் ‘மு’வுக்கு ஒற்றை யூவும் போடுங்கள், இரட்டை ஓவும் போடுங்கள். தளம் அனுமதித்தால் முதல் மூன்று எழுத்துக்குப் பின் நட்சத்திரக் குறி. கப்பல் பதிவேட்டில் ஆளைப் பிடிக்கப் பெயரைவிட, வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த காலனி எண்தான் உறுதியானது. 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். கப்பல், வந்த தேதி, தகப்பன் பெயர், ஊர் நான்கும் ஒத்துப்போனால்தான் எங்கள் தாத்தா என்று எழுதுங்கள்.

அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைப் பலகையில் போடுவதைப் பற்றி: பெயர், வயது, ஊர் என்ற தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது, எடுத்து அட்டவணையாக எழுதலாம். பக்கத்தின் படத்துக்கு, ஏடு இருக்கும் காப்பகத்தின் நிபந்தனையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் வரும் என்று சிலர் சொல்வார்கள். அது பார்ப்பதற்கான உரிமை, வெளியிடுவதற்கான உரிமை அல்ல. அதோடு, அந்தப் பக்கத்தில் சாதிக்கென்று ஒரு பத்தி இருக்கிறது, உடலில் உள்ள அடையாளங்களுக்கென்று ஒரு பத்தி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதே மண்டபத்தில் நிற்பார்கள். அந்தப் பத்திகள் இல்லாத பகுதியை மட்டும் வெட்டிப் போட்டு, ‘பக்கத்தின் ஒரு பகுதி’ என்று கீழே எழுதுங்கள்.

படக்குறிப்பில் உங்கள் தமிழ் விளக்கம் மேலே வரட்டும். பட்டியலில் உள்ள பழைய தலைப்பு கீழே, மேற்கோள் குறிக்குள், ‘மூலத் தலைப்பு’ என்ற சொல்லோடு. அதை அழித்துவிட்டால் அடுத்து வருபவர் அந்தப் படத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. எடுத்தவர், நிறுவனம், சேர்க்கை எண், உரிமம் நான்கும் ஒவ்வொரு படத்துக்கும் வேண்டும். சிசி ஜீரோவுக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் எண்ணை எழுதுங்கள். திறந்து கிடக்கும் படமும் எண்ணும் என்ன செய்யும் என்பதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய கோயில் படங்களைப் பாருங்கள்: ஸ்ரீபுரந்தான் நடராசர் திருட்டுப் போனதுதான் என்று நிறுவ அவை உதவின, 2014இல் ஆஸ்திரேலியா அதைத் திருப்பிக் கொடுத்தது.


தமிழ் டீச்சர், சாட்ஸ்வொர்த்:

கடைசியாக ஒன்று. கோயிலிடமே ஒரு பெட்டி நிறையப் படங்கள் இருக்கின்றன. மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்தில் ஏற்றலாமா?


நகல்நவிஸ்:

கட்டாயம் ஏற்றுங்கள். ஆனால் பெட்டியை முதலில் மூன்றாகப் பிரியுங்கள்.

1946க்கு முன் எடுத்து, அப்போதே இங்கே வெளியானவை: நேரே ஏற்றலாம். காமன்ஸ் நம் நாட்டுச் சட்டத்தோடு அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்கும். 1996 ஜனவரி 1 அன்று இங்கே உரிமை இருந்த படங்களுக்கு அமெரிக்கா மீண்டும் உரிமை கொடுத்துவிட்டது. 1945 படத்துக்கு இங்கே 1995 முடிவோடு உரிமை தீர்ந்தது, அதனால் அது தப்பியது. 1950களின் படம் இங்கே சுதந்திரமாக இருந்தும் அங்கே அழிக்கப்படுவது இந்தக் காரணத்தால்தான்.

அதற்குப் பிந்தியவை, உரிமையாளர் தெரிந்தவை: அவரே காமன்ஸின் அனுமதிக் குழுவுக்குத் தன் மின்னஞ்சலிலிருந்து எழுதவேண்டும். ‘கோயில் பயன்படுத்தலாம்’ என்று எழுதினால் செல்லாது. ‘பைஎஸ்ஏ’ போன்ற ஓர் உரிமத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கவேண்டும். ‘என்சி’ போட்டதைக் காமன்ஸ் ஏற்காது.

உரிமையாளர் தெரியாதவை: ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, கோயில் கணினியிலேயே வையுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

சமீபத்துப் படங்களில் பிள்ளைகள் இருந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். ஏற்றும்போது விளக்கத்தைத் தமிழிலும் எழுதுங்கள், காமன்ஸில் மொழிவாரியாகத் தலைப்பு எழுத இடம் உண்டு. நாளைக்கு ஒரு பிள்ளை ‘டர்பன் காவடி’ என்று தமிழில் தேடினால் வரவேண்டும்.


பிக்சல் தம்பி:

அச்சுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. அச்சகத்தில் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வைத்திருப்பார்கள். அதில் பத்தி அமைப்பை ‘வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று மாற்றாவிட்டால் தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும், ‘கோயில்’ சிதறிவிடும். ஒருங்குறி எழுத்துருவாக ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ கொடுங்கள், பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளே பதிக்கச் சொல்லுங்கள். பழுப்புப் படங்களை நான்கு வண்ணத்தில் அடித்தால் சிவப்படிக்கும். புத்தகத்துக்கு அவற்றைச் சாம்பல் நிறமாக்கி ஒற்றைக் கறுப்பில் அடித்தால் செலவும் குறையும். முதல் பலகையை மட்டும் அடித்து, மண்டப வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதி 11க்குச் சரி சொல்லுங்கள்.